இருபத்து மூன்றாவது ஹாஜர்

ஜூன் மாதத்து முதல் மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு திங்கட்கிழமை காலை, பூனாவின் கோர்படி ரயில்வே லைனை ஒட்டி நின்ற அந்தக் கட்டடத்தின் முன்னால் சைட் சூப்பர்வைசர் சேவியர் ஆட்டோவை விட்டு இறங்கினார். கையில் சாவிக்கொத்து. தோளில் ரெக்சின் பை. பைக்குள் ஆள் வருகை குறிக்கும் பழைய ஹாஜரி புத்தகம். கட்டடம் பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்தது. பூட்டியவரும் அவர்தான்.

நகரசபை கட்டிக்கொண்டிருந்த பிரசவ ஆஸ்பத்திரி அது. மூன்று மாடி. தூணும் ஸ்லாபும் முடிந்து, சுவர் வேலை பாதியில் இருந்தது. 2009 தீபாவளிக்குத் திறப்பு விழா என்று நாள் குறித்து, கவுன்சிலர் பெயர் செதுக்கிய சலவைக்கல் கூட வந்து இறங்கிவிட்டது. நம்முடைய ஊர்களில் கதவு ஜன்னல் வருவதற்கு முன்னால் கல்வெட்டு வந்துவிடும். ஆனால் அந்த ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சல் அதற்கும் முந்திக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள், சினிமாக் கொட்டகைகளை மூடினார்கள். கட்டடங்களுக்கென்று ஒதுக்கி வைத்ததெல்லாம் மாஸ்க்குக்கும் மாத்திரைக்கும் காய்ச்சல் முகாமுக்கும் போய்ச் சேர்ந்தது. சாக்கடை முதல் சமூகக் கூடம் வரை வார்டில் நடந்துகொண்டிருந்த வேலைகளெல்லாம் நின்ற இடத்தில் நின்றன.

இப்போது காய்ச்சல் அடங்கிவிட்டது. புதுப் பிளானோடு உத்தரவும் வந்திருக்கிறது. புதுப் பிளான் என்றால் பழைய பிளானில் பாதியை அடித்தது, வேறொன்றும் இல்லை. லிஃப்ட் கிடையாது. பிரசவத்துக்கு வருகிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேற வேண்டியதுதான்.

காண்ட்ராக்டர் ரவிசந்திரன் முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். "சேவியர், நாளன்னிக்கு புது கேங் வருது. நீங்க நாளைக்குப் போயி திறந்து, உள்ள ஒரு ரவுண்டு பாத்துட்டு, எல்லாம் கிளியர்னு எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். சேவியருக்கும் வேண்டியது அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. யாரும் இருக்கக் கூடாது. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் முழங்கால் போட்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

எதிர்ப்பக்கம் பாத்திமாவின் டீக்கடை. பூனா கண்டோன்மென்ட் கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். சேவியரைப் பார்த்ததும் கண்ணாடிக் கிளாசில் அரை டீ ஊற்றி நீட்டினார்.

"ஏன் சேவியர், உள்ள லேபர் வெச்சிருக்கியே, அவங்களுக்கு சாயா நாஷ்டா எல்லாம் யாரு குடுக்கறா?"

"உள்ள யாரு இருக்காங்கக்கா? பத்து மாசமா பூட்டு தொங்குது."

"ஜூட் பேசாதே, பொய் வேணாம். முன்ன எட்டு மணிக்கு நீ ஹாஜரி எடுப்பே இல்ல? அதே டைம். ஒரு பொம்பள குரல் கேக்குது, ரோஜ், தெனமும். இன்னிக்கும் கேட்டுச்சு, நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்ன."

"என்ன சொல்லுது?"

பாத்திமா அடுப்பைக் குறைத்துவிட்டு யோசித்தார். "ஒரே பேச்சுதான். இருக்கேங்க. அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல."

சேவியர் டீயைக் குடிக்காமலே கிளாசைத் திருப்பி வைத்தார்.

சைட்டில் ஹாஜரி எடுப்பது அவருடைய முப்பது வருஷத்துப் பழக்கம். காலை எட்டு மணிக்கு கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பெயர்களைப் படிப்பார். பெயருக்குரிய ஆள், வந்திருக்கிறேன் என்பதற்கு இந்தியில் "ஹாஜர்" என்று குரல் கொடுக்கும். பெயருக்கு நேரே வால் நீண்ட ஒரு டிக் விழும். ஆள் லாத்தூரிலிருந்து வந்தாலும் தர்மபுரியிலிருந்து வந்தாலும் பூனாவில் ஹாஜர்தான். மேஸ்திரி மாதையன் தர்மபுரிப் பக்கத்திலிருந்து கூட்டி வந்த இருபத்து மூன்று பேரும் முதல் வாரத்திலேயே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தியைத் தவிர.

புத்தகத்தில் கடைசிப் பெயர் அவளுடையது. பவுன். ஊரில் ஆறு வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்த சித்தாள். எட்டு மணிக்கு முன்பே வேலையில் இறங்கியிருப்பாள். பெயரைக் கூப்பிட்டால் உடனே பதில் வராது. தலையிலிருக்கும் சாந்துச்சட்டியை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அப்புறம்தான் வாயைத் திறப்பாள். "இருக்கேங்க."

"ஹாஜர்னு சொல்லேம்மா, நாக்கு தேஞ்சா போயிடும்?" என்று சேவியர் சீண்டுவார்.

"அது என்ன பேச்சோ போங்க. இருக்கறேன், இருக்கேங்கறேன். போதாதுங்களா?"

இன்னொரு பழக்கமும் உண்டு. பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனவளுக்கும் குளிக்கப் போனவளுக்கும் பக்கத்தில் நிற்கிறவள் ஹாஜர் சொல்லிவிடுவாள். எந்த சைட்டிலும் நடக்கிறதுதான். சேவியரும் கண்டுகொள்ள மாட்டார்.

வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்த அன்று நல்ல மழை. மத்தியானத்துக்குள் சைட்டைக் காலி செய்ய வேண்டும், ஆள் ஒருவரும் உள்ளே இல்லை என்று சேவியர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போக லாரி வந்து நின்றது. காய்ச்சல்காரர் ஒருவர் இருந்தாலும் மொத்த கேங்கையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள் என்று பேச்சு. எல்லார் முகத்திலும் துணி. துண்டு, கைக்குட்டை, முந்தானை என்று கண்ணுக்குக் கீழே கட்டிக்கொண்டு, பாதிப் பேர் லாரியில் ஏறித் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்கள். சேவியர் குடையைப் பிடித்துக்கொண்டு பெயர்களைப் படித்தார். இருபத்திரண்டு ஹாஜர் வந்தது.

"பவுன்."

"ஹாஜர்."

உடனே வந்தது. எந்தத் துணிக்குப் பின்னாலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சேவியரின் பேனா நின்றது. இரண்டு நாள் முன்னால் பவுன் தூணில் சாய்ந்துகொண்டு இருமியதை அவர் பார்த்திருந்தார். "சளிதாங்க" என்று மாதையன் சொல்லியிருந்தான். இப்போது மாதையன் அவர் கண்ணைப் பார்க்காமல் டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னான். ஏறிப் போய்த் தலையை எண்ணியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் தார்ப்பாய்க்குள் இருமல் சத்தம் கேட்டது. வீட்டில் அந்தோணியம்மாள் ஆஸ்துமாக்காரி. மாஸ்க்குக்குள் அவருக்கே மூச்சு முட்டியது.

டிக் போட்டார்.

லாரி போன பின் கீழ்த்தளத்து ஜன்னல்களுக்கெல்லாம் தகரம் அடித்து, வாசலின் இழுப்பு கேட்டுக்கும் வெளியே தகரம் வைத்து மறைத்து, பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்தார்.

ஜனவரியில் ஒரு போன் வந்தது. பவுனின் தங்கை. அக்கா பொங்கலுக்கும் வரவில்லை, லாரியிலும் வரவில்லை, பூனாவிலேயே வேறு வேலை கிடைத்து நின்றுகொண்டாள் என்று மேஸ்திரி சொல்கிறார், பிள்ளை தினம் கேட்கிறது, உங்களிடம்தான் இருக்கிறாளா என்றாள்.

"எல்லாரும் வண்டி ஏறினாங்கம்மா. நான் ஹாஜரி போட்டிருக்கேன்" என்று சேவியர் சொன்னார். பொய் இல்லை. புத்தகத்தில் டிக் இருந்தது. அதற்கப்புறம் மாதையனின் நம்பர் கிடைக்கவில்லை. கட்டடத்தைத் திறந்து பார்க்கலாம் என்று பலமுறை நினைத்தார். சாவி ரவிசந்திரன் ஆபீசில் இருந்தது. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவர் கேட்கவே இல்லை.

பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, கல்லால் தட்டித் திறந்தார். இழுப்பு கேட் நீளமாக அலறியது.

உள்ளே காலை இல்லை. தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக ஊசி ஊசியாக வெளிச்சம் விழுந்தது. ஈரச் சிமெண்டு வாடை, வௌவால் வாடை. அதற்கும் அடியில் வேறொன்று. காய்ச்சல்காரரின் போர்வையை விரிக்கும்போது வருகிற வெதுவெதுப்பான வாடை. பத்து மாதம் பூட்டிய இடத்தில் அது எப்படி இருக்கும்?

எங்கோ தண்ணீர் சொட்டியது.

சலவைக்கல் சுவரைப் பார்த்துத் திரும்பிச் சாய்ந்திருந்தது. சேவியர் டார்ச்சை ஏற்றிக்கொண்டு படியேறினார். முதல் மாடியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் சாரக் கம்புகள், காய்ந்து கல்லாகிப்போன இரண்டு மூட்டை சிமெண்டு. மனசு கொஞ்சம் லேசாயிற்று. யாரும் இல்லை, பாத்திமாக்காவுக்கு வயசாகிவிட்டது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது மாடியில் சாலைப் பக்கம் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அறைக்குள் எல்லாமே நீலமாகத் தெரிந்தது. மூலையில் ஒரு சாக்கு விரித்திருந்தது. பக்கத்தில் காலியான மாத்திரை அட்டை, ஒரு ரொட்டிப் பொட்டலத்தின் காகிதம். ஆணியில் ஒரு முந்தானைக் கிழிசல், முகத்தில் கட்டிக்கொள்ளும் முடிச்சு அவிழாமல், தொங்கியது. சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லித்தான் மாதையன் விட்டுப்போயிருப்பான்.

சாக்கின் தலைமாட்டில் சாந்துச்சட்டி கவிழ்ந்து கிடந்தது. அடிப்பக்கம் முழுக்க நசுங்கல்.

சேவியர் குனிந்து அந்த நசுங்கலைத் தடவிப் பார்த்தார். யாரிடமும், பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாத ஒன்று அவருக்கு இருந்தது. பூட்டிய மூன்றாம் நாள், சாவியை ஆபீசில் ஒப்படைப்பதற்கு முன்னால், மறந்து வைத்த மழைக்கோட்டை எடுக்க அவர் கேட் வரை வந்திருந்தார். மேலே டங், டங் என்று இரும்புச் சத்தம். காற்றில் தகரம் ஆடுகிறது என்று நினைத்தார். காற்றே இல்லை. அதுவும் தெரிந்தது. மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டு, கோட்டை எடுக்காமலே திரும்பிவிட்டார்.

சாலைப் பக்கம் கத்தியிருந்தாலும் கேட்க ஆள் இல்லை, காய்ச்சல் பயத்தில் அந்த வாரம் பாத்திமாவின் கடைகூட அடைத்துத்தான் கிடந்தது. ரயில் பக்கத்து ஜன்னல் துவாரம் திறந்தே இருந்தது. கீழே முப்பதடி. அந்தப் பக்கம் தண்டவாளம் தவிர ஒன்றும் இல்லை. போகிற ரயிலைப் பார்த்துக் கை ஆட்டியிருப்பாள். ரயிலில் இருந்தவர்களும் பதிலுக்குக் கை ஆட்டியிருப்பார்கள்.

டார்ச்சைச் சுவரில் அடித்தார்.

டிக்.

எழுதப் படிக்கத் தெரியாதவள், செங்கல் துண்டால் சுவரில் டிக் போட்டிருந்தாள். சேவியரின் டிக். அதே நீண்ட வால். நாளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நாலும் உட்கார்ந்தவளின் கை எட்டும் உயரத்தில் இருந்தன. ஐந்தாவதும் ஆறாவதும் இறங்கின. ஏழாவது தரையை ஒட்டி, பாதியில் நின்றிருந்தது.

எட்டாவது மறுபடி மேலே இருந்தது.

நிற்கிறவளின் உயரத்தில், நடுக்கமில்லாத கையில், கோடு பிடித்தாற்போல் வரிசையாக. சுவர் முடிந்து அடுத்த சுவர். அதுவும் முடிந்து அடுத்தது. சேவியர் எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை, பத்து மாதத்துக்கு எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியும். கடைசி டிக் வாசல் ஓரத்தில் இருந்தது.

அதன் வாலிலிருந்து செங்கல் பொடி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

படிகளில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கீழ்த்தளத்தில் கால் இடறிய இடம் லிஃப்ட் குழி. ஆறடி ஆழத்துக்குத் தோண்டி, சுற்றுச் சுவர் கட்டி, அப்படியே விட்டது. பத்து மாத மழை அதில் தேங்கிக் கறுப்பாக நின்றது. விளிம்பில் சேலைக் கிழிசல்களை முடிச்சுப் போட்டுத் திரித்த கயிறு ஒன்று, கம்பியில் கட்டித் தண்ணீருக்குள் இறங்கியது. மறுமுனையில் ஒரு டம்ளர் இருக்கும். தாகத்துக்குத் தண்ணீர் மொள்ள வந்திருக்கிறாள். ஏழாம் நாளாக இருக்கும், விளிம்பில் கால் வழுக்கியிருக்கும்.

கயிறு தொய்யவில்லை. விறைப்பாக நின்றது, மறுமுனையை யாரோ பிடித்திருந்தாற்போல.

சேவியர் அதைத் தொடவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே வந்து, மறுபடி பிடித்துக்கொண்ட மழைக்குக் கட்டடத்தில் ஒதுங்காமல் சாலையில் நனைந்துகொண்டே நின்றார். அப்போது போன் அடித்தது.

"என்ன சேவியர், பாத்தாச்சா?" என்றார் ரவிசந்திரன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் போலீஸ் வரும். யார் பூட்டியது, யார் எழுதிக் கொடுத்தது, மூன்றாம் நாள் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். கட்டடம் மறுபடி நிற்கும். தர்மபுரியில் ஏழு வயதாகிவிட்ட ஒரு பிள்ளைக்கு அம்மா எங்கே என்று தெரியும். இதெல்லாம் அவருக்குத் தோன்றியது, ஒன்று விடாமல் தோன்றியது.

"பாத்துட்டேன் சார்."

"கிளியரா?"

"கிளியர்."

"நல்லது. லிஃப்ட் குழிதான் இனி வேணாமே, நாளைக்கு முதல் வேலையா அதை ரொப்பிடுங்க."

மறுநாள் புது கேங் வந்தது. பீகாரிலிருந்து பதினெட்டுப் பேர், மேஸ்திரி பத்ரிநாத். தமிழ் என்று ஒரு பாஷை இருப்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எட்டு மணிக்குப் புதுப் புத்தகத்தில் ஹாஜரி எடுத்தார். பதினெட்டு ஹாஜர். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எதிரே பாத்திமா கரண்டியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழியைப் பார்த்த பத்ரிநாத் தலையைச் சொறிந்தான். "சாப், பம்ப் போட்டுத் தண்ணிய எறைக்க வேணாமா? தண்ணிக்குள்ள கல்லைக் கொட்டினா பின்னால தரை உக்காந்துடும்" என்றான் இந்தியில். தொழில் தெரிந்த எவனும் கேட்கிற கேள்வி. முப்பது வருஷத்தில் சேவியரே எத்தனையோ பேரை இதற்காகத் திட்டியிருக்கிறார்.

"எறைக்க வேணாம். அப்படியே கொட்டு."

பத்ரிநாத் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிடப் போனான். சேவியர் குழியருகில் தனியாக நின்றார். பழைய ஹாஜரி புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். ஒரு தரம் கூப்பிடுவேன். பதில் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு நேரே போலீசுக்குப் போவேன். வராவிட்டால், இது எல்லாம் என் பிரமை.

"பவுன்" என்றார். பத்து மாதத்தில் அந்தப் பெயரை அவர் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் அசையவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணினார். பதில் இல்லை. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று உள்ளே எதுவோ சொன்னது. அவர் பொறுக்கவில்லை.

"கொட்டுங்க" என்று குரல் கொடுத்தார்.

சேலைக் கயிறு முதல் கூடைக் கல்லோடு உள்ளே போயிற்று. செங்கல் உடைசல், கருங்கல், மண். கறுப்புத் தண்ணீர் விளிம்பு மீறி வழிந்து சேவியரின் செருப்பை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. மத்தியானத்துக்குள் குழி நிறைந்தது. அதன்மேல் காங்கிரீட் போட்டு, மட்டம் பார்த்து, பலகையால் இழுத்துத் தேய்த்தார்கள். அங்கே ஒரு குழி இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆட்கள் கை கால் கழுவப் போனார்கள். பத்ரிநாத் மட்டும் கரணையைத் துடைத்துக்கொண்டு நின்றான். சேவியர் பழைய புத்தகத்தை மூடிப் பைக்குள் வைக்கப் போனார். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

அவள் எப்போது உடனே பதில் சொன்னாள்?

தலைச்சுமையை இறக்கி வைக்க வேண்டும். முகத்தைத் துடைக்க வேண்டும்.

அப்புறம்தான்.

தரைக்கு அடியிலிருந்து, மூன்று லோடு கல்லுக்கும் அடியிலிருந்து, மூச்சு வாங்குகிற ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது.

"இருக்கேங்க."

பத்ரிநாத்தின் கையிலிருந்து கரணை விழுந்தது. "சாப், யாரது?" என்று கிசுகிசுத்தான். "என்ன சொல்றா?"

சேவியர் தரையையே பார்த்தார். நேற்று சொல்லியிருக்கலாம். காலையில் இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். இனிமேல் அவர் செய்ய ஒன்றும் பாக்கி இல்லை.

"ஹாஜர்னு சொல்றா" என்றார்.

அவர் காலடியில், இன்னும் காயாத காங்கிரீட்டில், வால் நீண்ட ஒரு டிக் மெதுவாக விழுந்துகொண்டிருந்தது.